சந்தேகத்தின் பலன்

"விடுதலை!" என்று கூவிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான் சியூ.

ஹாங்காங் பந்தயத்தில் குதிரை காலை வாரிய கடுப்பில், பதினான்காவது மாடி ஜன்னல் வழியாக ரேடியோவை வீசியவன் அவனேதான். அது கீழே நின்ற கார்மேல் விழுந்தது. வீசியதைத்தான் வெளியாள் யாரும் பார்க்கவில்லை.

சமையலறையில் மனைவி பிக்ஹா சுட்ட வாத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். டக், டக், டக்.

"எப்படித்தான் விட்டாங்களோ உன்னை?"

"ஜட்ஜுக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தாப் போதும். வர வச்சிட்டோம்ல!"

செல்போன் அடித்தது. வக்கீல் மோக். சியூ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பீரைத் திறந்தான்.

"கார்க்காரர் நஷ்டஈடு கேட்டு சிவில் கேஸ் போட்டுட்டாருங்க."

"போடட்டும் சார். அங்கேயும் சந்தேகத்தைக் கிளப்பிட்டா முடிஞ்சுது."

"அதெல்லாம் கிரிமினல் கோர்ட்டோட சரி. சிவில்ல, 'இவங்கதான் செஞ்சிருப்பாங்க'ன்னு தோணினாலே போதும்."

சியூ பீரைக் கீழே வைத்தான். "அப்போ நான் மாட்டிக்கிட்டேனா?"

"நீங்க இல்லீங்க. அன்னிக்கு ஜன்னல்கிட்ட நின்னது யாருன்னு கூண்டுல ஏறிச் சொன்னீங்களே, அதைக் கார்க்காரர் அப்படியே நம்பிட்டார். கேஸ் உங்க மனைவிமேல."

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.