பன்னிரண்டு நொடிக்கு அப்புறம்

"பாட்டு முழுசா வேணும் சார்" என்றாள் செங்கொடி. எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவைத்திருந்தார்கள்.

எந்த ராப் பாட்டும் பன்னிரண்டு நொடியைத் தாண்டி ஊருக்குள் போகாத காலம் அது. மீதியை வெட்டி அழிப்பதுதான் அவள் வேலை.

மேலாளர் ரகோத்தமன் நிமிரவே இல்லை. "முழுசாக் கேட்டா மனசு நெறஞ்சிடும்மா. நெறஞ்சவன் திரும்ப எதுக்குக் கேப்பான்?"

"நேத்து வியாசர்பாடில எங்க அண்ணனுக்கு நிச்சயம் சார். நம்ம கம்பெனி பாட்டுதான் போட்டோம். பொண்ணோட அப்பா குஷியா ஒரு காலத் தூக்கினாரு, பாட்டு நின்னுடுச்சு. இறக்கறதா வேணாமான்னு முழிக்கிறாரு. மறுபடி போட்டா மறுபடி அதே காலு. கடைசி வரைக்கும் அந்த மனுஷன் இன்னொரு காலத் தூக்கவே இல்ல. நாளைக்குக் கல்யாணம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "வேலை போயிடும். உங்க வீட்டுல நீதான் மொதப் பட்டதாரி. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்" என்று அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். திரும்பி நடந்தபடியே அந்தப் பாட்டின் பதின்மூன்றாவது நொடியிலிருந்து பாட ஆரம்பித்தாள்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டினது நான்தானே சார். எல்லாப் பாட்டும் தெரியும்."

நாலு வரி பாடிக் கதவருகே நிறுத்தினாள். ரகோத்தமன் எழுந்தே விட்டார்.

"அப்புறம்?"

"கல்யாணத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.