ஓடுகிற கை

வலது கையில் ரப்பர் பட்டை இறுகியது. மேலே குளிர்ந்த ஜெல்.

"விரலை மூடித் திறங்கம்மா."

மூடினாள். திறந்தாள்.

இதுதான் கடைசிக் கை. இடது கையில் மணிக்கட்டில் ஒரு தையல், முழங்கையில் ஒரு தையல். இரண்டு ஆபரேஷனும் தண்டம். டயாலிசிஸ் ஊசி ஏற்ற, ஆபரேஷனில் ரத்த ஓட்டத்தைக் கூட்டிப் புடைக்க வைக்க ஒரு நல்ல நரம்பு வேண்டும். இந்தக் கையிலும் அது கிடைக்காவிட்டால், கழுத்தில் தொங்கும் குழாயோடுதான் மிச்சக் காலம்.

ஸ்கேன் எடுக்கும் பெண் திரையைப் பார்த்தாள். இவளுக்கு மனம் திரையில் இல்லை. கதவுக்கு வெளியே, பெஞ்சில் இருந்தது.

அங்கே சூடாமணி உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஸ்கேன் அவளுக்கு.

காலையிலிருந்து அவள் கை ஓடவில்லை. ஆபரேஷன் செய்த நரம்பில் ரத்தத்தின் அதிர்வு நின்றுபோயிருந்தது.

வார்டில் இவளுக்கு எதிர்க்கட்டில் சூடாமணி. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். பார்க்க வேறு என்ன இருக்கிறது? சூடாமணியின் கையைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இவளுக்கு ஆறு மாதம் பின்னால் வந்தவள். பத்து வயது மூத்தவள். ஒரே ஆபரேஷன். ஆறே வாரத்தில் நரம்பு புடைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு உசத்தி என்று சும்மாவா சொன்னார்கள்.

"தையல் மிஷின் மாதிரி ஓடுதுடி. தொட்டுப் பாரு."

வார்டே தொட்டுப் பார்த்தது. இவளும் தொட்டாள். விரலுக்கடியில் குறுகுறுவென்று ஓடியது. வயிறு எரிந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைதோறும் சூடாமணி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலின் நுனியை முடிந்துகொண்டு வருவாள். கழுத்தில் குழாய் இருக்கிறவள் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற முடியாது. ஒன்றரை வருடம். சீயக்காய் வாசனை வரும்போதெல்லாம் இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சூடாமணியின் தலைமாட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆபரேஷன் செய்த கையில் வளையல், வாட்ச், கயிறு எதுவும் கட்டக்கூடாது. அந்தக் கையின்மேல் படுக்கக்கூடாது. பளு தூக்கக்கூடாது.

கீழே படுத்திருப்பவளுக்கு அது கண்ணில் படாது. எதிரே படுத்திருப்பவளுக்கு மனப்பாடம்.

ஆபரேஷன் அன்றைக்கு யாராவது வாயாலும் சொல்லியிருப்பார்கள். சூடாமணி வளையலைக் கழற்றித்தான் வைத்திருந்தாள். ஆனால் சாமிக் கயிற்றை யார் கயிறு என்று நினைக்கிறார்கள்?

போன புதன்கிழமை. ஊசியை எடுத்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் சூடாமணியின் மருமகள் வந்தாள். கையில் கோயிலிலிருந்து வாங்கிய கறுப்புக் கயிறு.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அத்தை."

மணிக்கட்டில், தையலை ஒட்டி, இறுக்கி மூன்று முடிச்சு. மூன்றாவதைப் போடும்போது மருமகள் எதிர்க்கட்டிலை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பார்வை மட்டும் இல்லையென்றால் இவள் சொல்லியிருப்பாளோ என்னவோ.

வாய்வரைக்கும் வந்தது. கயிறு கட்டக்கூடாது. இரண்டே சொல்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நரம்பு ரெண்டரை மில்லிமீட்டர் இருக்கும்மா. தாராளமாப் போதும்."

ஸ்கேன் பெண் ஜெல்லைத் துடைத்துவிட்டு, நீலப் பேனாவால் மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தாள். நரம்பு போகும் வழி. ஆபரேஷன் வரைக்கும் அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

சந்தோஷம் வந்தது. பொய் சொல்வானேன். வெளியே இருப்பவளிடம் இந்தக் கையைக் காட்ட வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது.

முந்தானையைக் கைமேல் இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

சூடாமணியின் கூந்தல் இன்னும் காயவில்லை. குளிக்கும்போதுதான் ஓட்டம் நின்றதைக் கவனித்தாளாம். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தாள். காதில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். ஸ்கேனுக்காகக் கயிற்றை அவிழ்த்திருந்தாள்.

"கிடைச்சுதா?"

இவள் தலையாட்டினாள்.

சூடாமணி முந்தானையை விலக்கி நீலக் கோட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை இவளுக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தன் கண்ணிலேயே இருந்த பார்வை.

"என் கண்ணே பட்டுரும்போல இருக்குடி."

இடுப்பில் செருகியிருந்த கறுப்புக் கயிற்றை எடுத்தாள்.

"எனக்குக் கட்டுறதுக்குள்ள கண்ணு பட்டுருச்சு. உனக்கு முந்தியே கட்டிருவோம்."

இவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்ன சொல்லி இழுப்பது?

ஒரு முடிச்சு.

இரண்டாவது முடிச்சு. நீலக் கோட்டின் மேலேயே.

"இறுக்காதீங்கக்கா. ஓட்டம் நின்னுரும்."

சூடாமணியின் விரல்கள் நின்றன.

தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கயிறு அழுத்திய தடம் இன்னும் மறையவில்லை. பிறகு நிமிர்ந்து இவளைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து சூடாமணி என்று கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. போட்ட இரண்டு முடிச்சையும் முதலில் அவிழ்த்தாள்.