சிரித்தபடி வழியனுப்பினார்கள்

மகன் ஜெய்னுதீனின் கால் எலும்பில் வந்திருப்பது அபூர்வமான புற்றுநோய், கைமீறிவிட்டது என்று டாக்டர் சொன்னதை, நூர்முகம்மது தங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இருபது வயது மகனிடம் மட்டும் யாரும் மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

"சாதாரணக் கட்டிதான். மெட்ராஸ்ல அறுத்து எடுத்துட்டா ஓடியாடலாம்," என்றே எல்லோரும் அவனிடம் சொன்னார்கள்.

கப்பலேற்ற வந்த கூட்டத்தில் ஒருவர்கூட அழவில்லை. பெற்றவள் சைனம்புகூடச் சிரித்தபடி கையசைத்தாள்.

கரை மறைந்த பிறகுதான் நூர்முகம்மதுவுக்கு மூச்சு வந்தது. பையனுக்கு எதுவும் தெரியாது.

"வாப்பா, போன தடவை நான் மெயின்லேண்டு போனப்ப, சேலை, செருப்பு, வடாம்னு ஆளாளுக்கு வாங்கியாரச் சொல்லி உயிரை எடுத்தாங்க."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"இந்தத் தடவை உம்மாகூட ஒண்ணும் கேக்கலையே."