பெயர் வெட்டிய ஃபோர்க்

முனிர்கா சைக்கிள் கடை வாசலில் மாலை வெயில். மாப்பிள்ளைக்கு நான் சீராகத் தந்த சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்திருக்கிறது. நான் வாங்கியது கலப்பு எஃகு, ரிப்பேருக்கு விட்டபோது நீதான் மாற்றிவிட்டாய் என்று கடைக்காரர் கியான்சந்தை மாப்பிள்ளை உட்பட எல்லோர் எதிரிலும் ஏசிவிட்டு, நிமிர்ந்து நிற்கிறேன். அவர் ஒரு ரேஸ் சைக்கிளின் கலப்பு எஃகுத் துண்டைச் சாணையில் வைக்கிறார். பொறிகள் கிளைகிளையாய்ச் சிதறுகின்றன. அடுத்து எங்கள் ஃபோர்க். நீண்ட, வெறும் கோடுகள். "சாதா லோஹா, பாபுஜி," என்கிறார்; வெறும் இரும்பாம். "மாத்தினவனே பரீட்சையும் பண்றான் பாருங்கோ, மாப்பிள்ளை," என்கிறேன். கியான்சந்த் கந்தலால் ஃபோர்க்கின் கிரீஸைத் துடைக்கிறார். சீர் தந்தபோது பாத்திரங்களோடு சேர்த்து இதே ஃபோர்க்கிலும் நான் வெட்டவைத்த என் பெயர், தமிழில். இது என்ன எழுத்து என்று கேட்கிறார். "கம்பெனி கா நாம்," கம்பெனியின் பெயர் என்கிறேன். தமிழ் படிக்கத் தெரிந்த மாப்பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.