அடுத்த வீட்டுப் பனி

"இவனெல்லாம் ஒரு அப்பனா?"

டோரீன் ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்தபடி பொருமினாள். கையிலிருந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு வாசலில் டெஸ்ஸா பனி தள்ளிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. ரத்தப் புற்றுநோய் வந்து, இரண்டரை வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து, போன அக்டோபரில்தான் சிகிச்சை முடிந்தது. கனத்த கோட்டைக் கழற்றினால் பாதி ஆள்தான் இருப்பாள்.

பனி தள்ளும் ஷவல் அவள் உயரத்துக்கு இருந்தது. நாலு தள்ளு தள்ளுவாள், நின்று மூச்சு வாங்குவாள், மறுபடி தள்ளுவாள். அவள் அப்பா கிரெக் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எருமை மாதிரி வளர்ந்த அண்ணன் கோடி உள்ளே வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

"வால்ட்டர், இந்த அநியாயத்தை வந்து பாரேன்!"

"நமக்கெதுக்கு டோரீன்?" புருஷன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

முப்பது வருஷம் கனடாவின் வின்னிபெக் நகரில் ஸ்கூல் பஸ் ஓட்டியவள் டோரீன். அவள் ஓய்வு பெற்றுவிட்டாள், அவள் தொண்டை இன்னும் பெறவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலியோரம் போய் நின்றாள்.

"கிரெக்! பிள்ளைக்கு மூச்சு இரைக்குது, நீ வேடிக்கை பாக்கறியா? உனக்குக் கை இல்லையா?"

"இது அவ வேலைங்க" என்றான் கிரெக், தணிந்த குரலில்.

"வேலையாம் வேலை! மைனஸ் பதினெட்டு குளிர்ல! செத்துப் பிழைச்ச குழந்தைகிட்டயா வேலை வாங்குவாங்க?"

டெஸ்ஸா தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினாள். அப்பனுக்குப் பயந்துதான் என்று டோரீன் முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூராவும் பனி கொட்டித் தீர்த்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே டோரீன் ஷவலோடு கிளம்பினாள். தன் வாசலை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வீட்டு வாசலைச் சிமென்ட் தெரியச் சுரண்டினாள். வழுக்காமலிருக்க உப்பும் தூவினாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது, மனசு மட்டும் நிறைந்திருந்தது.

எட்டு மணிக்கு டெஸ்ஸா ஷவலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலைப் பார்த்தாள். பூட்ஸ் காலால் சிமென்ட்டை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பாத்தியா வால்ட்டர், பிள்ளைக்கு எவ்வளவு நிம்மதி!"

ஒன்பது மணிக்குக் கிரெக் வந்து கதவைத் தட்டினான்.

"எங்க வாசலைச் சுத்தம் பண்ணது நீங்கதானா?"

"நானேதான். நன்றியெல்லாம் வேண்டாம் போ."

"நன்றி சொல்ல வரலைங்க." கிரெக் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வீட்ல யாருக்கு என்ன வேலைன்னு ஃப்ரிட்ஜ்ல ஒரு பட்டியல் ஒட்டியிருக்கோம். ரெண்டரை வருஷமா டெஸ்ஸா பேருக்கு நேரா 'ஓய்வு'ன்னுதான் இருந்துச்சு. இனி எல்லாம் செய்யலாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, அவளே அதை அடிச்சுட்டு 'பனி'ன்னு எழுதினா. அண்ணன் கோடிகிட்ட சண்டை போட்டுப் பிடுங்கின வேலைங்க அது."

டோரீன் தான் சுரண்டிவிட்ட சிமென்ட்டை எட்டிப் பார்த்தாள். கிரெக் தொடர்ந்தான்.

"ஸ்கூல்ல எல்லாரும் ஓடுவாங்க, இவ கையில விசிலைக் கொடுத்து உக்கார வெச்சிடுவாங்க. அவ பையை ஒருத்தி தூக்குவா, அவ தட்டை இன்னொருத்தி எடுத்துட்டுப் போவா. ஸ்கேட்டிங் போறப்ப, 'உனக்கு அலுப்பா இருக்கும்'னு சொல்லி விட்டுட்டுப் போயிடுவாங்க. எல்லாரும் நல்லவங்கதான். டாக்டர் சொன்னதுதான் இன்னும் யார் காதுலயும் விழல."

"அவ இளைச்சுப் போய் நிக்கறாளே, கிரெக்..."

"ஓடிப்போய் அந்த ஷவலைப் பிடுங்கணும்னு எனக்குத் தோணாதாங்க? தோணுது. அதுக்குத்தான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்."

டோரீன் மெல்லக் கேட்டாள்: "இப்ப என்ன பண்றா?"

"படுத்திருக்கா. சாப்பிடல. 'எல்லாரையும் திட்டற டோரீனுக்குக்கூட நான் இன்னும் நோயாளிதானாப்பா?'ன்னு கேட்டா."

கிரெக் போய்விட்டான். டோரீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஷவலை எடுத்தாள்.

கால் மணி கழித்து வால்ட்டர் பதறியடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"டோரீன்! மூளை கலங்கிடுச்சா உனக்கு? நம்ம வாசல் பனியை அள்ளி ஏன் அவங்க வாசல்ல கொட்டற?"

"கத்தாம போய் இன்னொரு ஷவலை எடுத்துட்டு வா."

வாசல் படி மறையும் வரை இருவரும் கொட்டினார்கள். பிறகு டோரீன் அடுத்த வீட்டு மணியை விடாமல் அழுத்தினாள். பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் அந்தப் பழைய குரலை எடுத்தாள்.

"ஏய் டெஸ்ஸா! மணி பத்தாகுது, இன்னும் என்ன தூக்கம்? வாசல்ல முழங்கால் அளவு பனி கிடக்கு, நான் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கணுமா? உன்னை மாதிரி ஒரு சோம்பேறியை இந்தத் தெருவிலேயே நான் பாத்ததில்ல!"

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்தது. கோட்டு ஒரு கையில் மட்டும் ஏறியிருந்தது, தொப்பி கோணலாக இருந்தது.

"வரேன், வரேன், கத்தாதீங்க!" என்று பதிலுக்குக் கத்தினாள் அந்தச் சோம்பேறி, முகம் கொள்ளாத சிரிப்போடு.