அவசரக் கை

எட்டு வருடமாகச் சுமாரான செஸ் ஆட்டக்காரனாகவே இருந்த திருமாறனுக்கு ஒரே குறை, அவசரக் கை. யோசிக்காமல் காயைத் தொட்டுவிடுவான். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது விதி. பயிற்சி நிலையத்தார் அவன் தலைக்குள் ஒரு கணினிச் சில்லைப் பொருத்தினார்கள். அதன் பிறகு, சில்லு போடும் கணக்கு முடியாமல் கை எதையும் தொடுவதில்லை. மாஸ்டர் பட்டமும் வந்துவிட்டது.

அவஸ்தை மனைவி செண்பகவல்லிக்கு. உப்பு டப்பாவை எடுக்கச் சொன்னால், அது வருவதற்குள் குழம்பு கொதித்து அடங்கிவிடுகிறது.

"பட்டம் வந்ததும் கழட்டிடறேன்னீங்க. வந்து மூணு மாசமாச்சு," என்றாள், சப்பாத்தி மாவைப் பிசைந்தபடி.

"அடுத்த போட்டி முடியட்டும், செம்பா."

அப்போதுதான் ஒன்றரை வயது மகள் நன்முகை அவன் காலடியில் இடறி விழுந்தாள். அழுதபடி அப்பாவிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் கை பாதி தூரம் போய் அந்தரத்தில் நின்றது.

"தூக்குங்க. அது குதிரை இல்ல, குழந்தை."

கை அசையவில்லை. செண்பகவல்லி மாவுக் கையோடு எழுந்தாள். அதற்குள் குழந்தை அழுகையை நிறுத்தி, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானே எழுந்து போய், நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

கணக்கு முடிந்து அவன் கை இறங்கியபோது, அங்கே வெறும் தரைதான் இருந்தது.