கருவிழி ஓரத்தில்

மலேசியாவின் கிள்ளானில் கண் டாக்டர் அறை விளக்கை அணைக்கிறார். கருவியின் மெல்லிய ஒளிக்கீற்று மட்டும் லியனார்டின் கண்ணில் விழுகிறது. சில மாதங்களாக அவனுக்குக் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. அம்மா உர்சுலா அவன் தலையைப் பிடித்திருக்கிறாள். டாக்டர் அவளிடம் சொல்கிறார்: "கருவிழியைச் சுத்தி பழுப்பு வளையம் இருக்கு அக்கா. ரத்த ரிசல்ட்டும் அதையேதான் சொல்லுது. உடம்புல செம்பு தேங்குது, பரம்பரை நோய். மருந்து இருக்கு, நிறுத்தவே கூடாது." உர்சுலா பெருமூச்சு விடுகிறாள். டாக்டர் கதவருகே நொண்டி விளையாடும் தங்கை ஜோஆனைப் பார்க்கிறார். "பாப்பாவையும் பார்த்துடலாம்." "அவ நல்லாத்தானே இருக்கா லா, டாக்டர்!" "இந்த நோய் ஆரம்பத்துல வெளியே தெரியாது அக்கா." ஜோஆன் சிரித்தபடி நாற்காலியில் ஏறிக் கருவியில் தாடையைப் பொருத்துகிறாள். ஒளிக்கீற்று அவள் கண்ணை நோக்கி நகர்கிறது. உர்சுலா தன் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள்.